பீரோவுக்குப் பின்னால் ஒரு சாண்

1. ஞாயிறு காலை என் மகள் யாழினிக்குத் தலைக்கு ஊற்றி, அம்மா சாம்பிராணி போட்டாள்.
2. கூரையிலிருந்த புகை அலாரம் அலறியது.
3. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரி ஃப்ராவ் கெல்லர் மேலே வந்தார். எல்லா ஜன்னல்களையும் அகலத் திறந்துவிட்டுப் போனார். வெளியே ஆறு டிகிரி.
4. அம்மா குழந்தையைப் போர்வையில் சுருட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டாள்.

"நம்ம வீட்டு வாடை அவியளுக்கு ஆகலையாக்கும்?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். கோவில்பட்டியிலிருந்து ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் அவள் வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அவமானப்படுத்தவில்லை, இங்கே இதுதான் முறை என்றேன். இலையுதிர் காலத்தில் ஹீட்டரைப் போடத் தொடங்கியதும், தினம் மூன்று முறை, ஐந்து நிமிடம், ஜன்னல்களை முழுக்கத் திறந்து மூட வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. 'ஷ்டோஸ்லுஃப்டன்' என்று அதற்கு ஒரு பெயரும் உண்டு. அம்மா வெளியே வந்து சிரித்தாள். "துட்டக் குடுத்து வீட்டச் சூடாக்கி, தெருவுக்குத் தொறந்து விடுதியளாக்கும். நல்ல ஊருட்டி!"

அவள் சிரித்ததில் நியாயம் உண்டு. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் மேல்காற்று கரிசல் புழுதியை வாரிக்கொண்டு வரும். ஜன்னல் இடுக்கில் பழைய சேலையைத் திணித்து வைப்போம். அப்படியும் சாயங்காலம் தரையைத் துடைத்தால் வாளித் தண்ணீர் கறுத்துவிடும். அங்கே காற்றை வெளியே நிறுத்துவதுதான் சுத்தம். இங்கே புழுதி இல்லை. மூச்சும், குளித்த வெந்நீரும், சோறு கொதிக்கும் ஆவியும் வெளியேற வழியில்லாமல் கண்ணாடியில் வியர்க்கும்.

என் கவலை யாழினியின் இருமல். இரண்டு வயது. மூன்று வாரமாக விடவில்லை, மூச்சில் லேசாக விசில் சத்தம் வேறு. வீட்டுக் காற்றை முதலில் கவனியுங்கள், குறையாவிட்டால் இன்ஹேலர் தொடங்கலாம் என்றார் மருத்துவர். நான் பொறியியல் படித்தவள், பட்டியல் போட்டேன். ஈரப்பதமானி வாங்குவது. துணியை வீட்டுக்குள் உலர்த்தாமல் இருப்பது. சோற்றுப் பானையை மூடி வைப்பது. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், சாம்பிராணியை நிறுத்துவது. அதை அம்மாவுக்குப் படித்தும் காட்டினேன்.

"ஒன்னையும் இந்தப் புகையிலதானட்டி வளத்தேன்" என்றாள். கப் சாம்பிராணி டப்பாவைத் தன் சூட்கேஸின் அடியில், சேலைகளுக்குக் கீழே வைத்துவிட்டாள்.

பத்து நாள் வீட்டில் புகையே இல்லை. ஈரப்பதம் எழுபதை விட்டு இறங்கவில்லை. இருமலும் அப்படியே.

சனிக்கிழமை குழந்தையின் சட்டை எடுக்கப் பீரோவைத் திறந்த அம்மா முகத்தைச் சுளித்தாள். "ஏட்டி, இங்கன வா. நமத்த வாடை அடிக்கு."

இருவருமாகப் பீரோவை இழுத்தோம். பின்சுவரில் என் இடுப்பு உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை. வெளிப்பக்கச் சுவர் அது. இடம் மிச்சமாகும் என்று டேப் வைத்து அளந்து, பீரோவை அதோடு ஒட்டித் தள்ளியது நான். பக்கத்திலேயே யாழினியின் கட்டிலைப் போட்டதும் நான். குளிர்ந்த சுவரில் காற்றோட்டம் இல்லாவிட்டால் ஈரம் படியும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அம்மா பல வருஷம் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், பண்டல் போட்டவள். சுவரிலிருந்து ஒரு சாண் விட்டுத்தான் அங்கே அடுக்குவார்கள்; இல்லாவிட்டால் அடைமழையில் குச்சி நமத்துப்போகும். "எங்க ஆபீஸ்ல நீ இப்படி அடுக்கிருந்தேன்னா, கணக்கப்பிள்ளை மத்தியானச் சோத்துக்கு முன்னாலயே ஒன்னைய வீட்டுக்கு அனுப்பிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் கிடையாது. சூட்கேஸிலிருந்து சாம்பிராணி டப்பாவை எடுத்து மேசையில் வைத்தேன். அம்மா அதைப் பார்த்தாள். "இருக்கட்டும். பிள்ளைக்கு மொதல்ல சரியாவட்டும்" என்று அவளே திரும்ப எடுத்து வைத்தாள்.

இன்றைய நிலவரம்: சுவரைத் துடைத்தாகிவிட்டது. பீரோ சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கிறது. கட்டில் எங்கள் அறைக்கு மாறிவிட்டது. ஈரப்பதம் ஐம்பத்தைந்து. இருமல் பாதி குறைந்திருக்கிறது. இன்ஹேலர் வேண்டுமா என்பது புதன்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது தெரியும். அம்மாவுக்கு அடுத்த மாதம் டிக்கெட். ஜன்னலைத் திறக்கும் முன் வெளியே எப்படி என்று போனில் பார்க்கிறேன். அதில் இரண்டு ஊர்கள் வரும். கோவில்பட்டியில் மழையா என்று பார்த்த பிறகுதான் இந்த ஊரைப் பார்க்கிறேன்.