டேப்பக்காவின் ஒற்றை வரி

எங்கள் கடை வளாகத்தில் அவரை எல்லோரும் டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். அளவெடுக்கும் டேப் கழுத்தில் தொங்காமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. ஒருமுறை பேங்க்கில் காவலாளி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, நீங்க இப்படி வாங்க" என்று வரிசையில் முன்னால் விட்டுவிட்டாராம். "நானும் வாயைத் தொறக்காம போயிட்டேன் தம்பி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நான் பக்கத்துக் கடை. ஜெராக்ஸ், டைப்பிங், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு. இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகப் பெருமைப்பட வேண்டாம்.

டேப்பக்கா பதினாறு வருடம் ஒரு பெரிய துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து பேன்ட் காலை மடித்துத் தைத்தவர். மேலே ஆட்கள் ஏறி இறங்கும் சத்தத்தை வைத்தே கடையில் கூட்டம் எவ்வளவு என்று சொல்லிவிடுவாராம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அவரும் ஒரே வீட்டில். தங்கை கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருந்தாள்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக் காலர் விறைப்பாக இல்லாவிட்டால் வாசலைத் தாண்டாத மனுஷன். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தினமும் காலையில் டேப்பக்காதான் சட்டை போட்டுவிட வேண்டும். அதில் ஒரு முறை இருக்கிறது. கெட்ட கையை முதலில் நுழைக்க வேண்டும், நல்ல கையை அப்புறம். மாற்றிச் செய்தால் விழுந்த கை தோள்பட்டையோடு முறுக்கிக்கொண்டு உயிர் போகும். அக்காவுக்கு இது பழக இரண்டு வாரம் ஆயிற்று. அந்த இரண்டு வாரமும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார். ஒருநாள் மட்டும், பட்டன் போட்டுக்கொண்டிருக்கும்போது, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதுவிட்டார். வலியில் இல்லை. மகள் தனக்குப் பட்டன் போடுகிறாளே என்ற கூச்சத்தில்.

அக்கா அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்து, வலது கை ஓரத்திலிருந்து இடுப்புவரை தையலைப் பிரித்தார். உள்ளே ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ பட்டை வைத்தார். முன்பக்கமும் அதே பட்டை, மேலே வெறும் ஒப்புக்குப் பட்டன்கள். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் சட்டை. நாலு சட்டை பாழானது, ஐந்தாவது சரியாக வந்தது. அப்பா இடது கையாலேயே, யாருடைய உதவியும் இல்லாமல், அதைப் போட்டுக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று, "பரவால்லயே, யாரு டெய்லரு?" என்று தெரியாதவர் போலக் கேட்டாராம். அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தார்.

அப்பா போனபின் டேப்பக்கா படிக்கட்டுக்குக் கீழே போய் உட்கார முடியவில்லை என்று வேலையை விட்டார். இந்த மாதிரிச் சட்டைகளையே தொழிலாகச் செய்யலாம் என்று யோசனை. சிறுதொழில் தொடங்குபவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி நடந்தது, அதில் சேர்ந்தார். மைக்கைப் பிடித்தவுடன் ஊருக்கெல்லாம் வழி காட்டக் கிளம்புகிறவர்கள்மீது எனக்கு மரியாதை கிடையாது. ஆனால் அந்தப் பயிற்சியாளர் ஒரு நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். "கடை தொறந்து ஆறு மாசம் ஈ ஓட்டுவீங்க. அப்ப மறுபடி காலைல ஷட்டரத் தூக்கறதுக்கு உங்களுக்குன்னு ஒரு காரணம் வேணும். வருமானம்னு எழுதாதீங்க, அது அப்ப இருக்காது. ஒரே வரில எழுதுங்க."

மற்றவர்கள் மளமளவென்று எழுதிவிட்டார்கள். யாருக்கும் கைகட்டி நிற்கக் கூடாது, பிள்ளைகளைப் பெரிய படிப்பு படிக்க வைக்க வேண்டும், இப்படி. அக்கா இரண்டு நாள் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் எழுதினார்: அப்பா தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும்.

பயிற்சியாளர் படித்துவிட்டு, "அப்பா தவறிட்டார்னு சொன்னீங்களேம்மா?" என்று கேட்டார்.

"ஆமா சார். அதனால என்ன, இருக்கட்டும்" என்றார் அக்கா.

அந்த வரியைப் பெரிய எழுத்தில் டைப் செய்து கொடுத்தவன் நான்தான். கூடவே அப்பாவின் கதையையும் அரைப் பக்கம் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன், பேங்க் விண்ணப்பத்தோடு வைக்க. அந்தச் சட்டை போட்ட அப்பாவின் படத்தையும் ஸ்கேன் செய்தேன். எல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரே ஃபைலில் இருந்தது. என் கடைக்குப் பக்கத்திலேயே கடை திறந்து, வரியை மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டார்.

பயிற்சியாளர் சொன்னதுபோலவே ஈதான் ஓட்டினார். மழை ஒழுகியது, மெஷின் மோட்டார் புகைந்தது, நாள் முழுக்க ஒரு ஜிப் மாற்றக்கூட ஆள் வராது. "போதும் தம்பி, நாளைக்குச் சாவிய ஓனர்கிட்ட குடுத்துடறேன்" என்று என் கடையில் வந்து உட்கார்வார். மறுநாள் ஷட்டர் திறந்திருக்கும். என்னக்கா என்றால், "சாவி குடுக்கத்தான் வந்தேன். சுவத்தப் பாத்துட்டேன்" என்பார். அந்த ஒரு வரிக்கு அவ்வளவு சக்தி இருந்தது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன்.

தங்கை அப்போதுதான் வந்தாள். கெட்டிக்காரி. பேசினால் கல்லும் தலையாட்டும். "நீ தைக்கிறதத் தை அக்கா, பேசறத நான் பேசிக்கறேன்" என்றாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா படுத்திருந்த காலத்தில் இரண்டே தடவை எட்டிப்பார்த்தவள், இப்போது தினமும் வந்து உட்கார்கிறாளே என்று. வெட்டும் முறை, பட்டை வைக்கும் இடம், துணி வாங்கும் கடை, எல்லாவற்றையும் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்தார். ஏழு மாதம் இருந்தாள். ஆர்டரும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு, "வீட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்கக்கா" என்று கண்ணைக் கசக்கிவிட்டு நின்றுகொண்டாள்.

நிற்பதற்கு முந்தைய வாரம் என் கடைக்கு வந்தாள். "அண்ணா, அந்த அப்பா ஃபைல இந்த பென் டிரைவ்ல போட்டுக் குடுங்க, அக்காதான் வாங்கிட்டு வரச் சொன்னா." போட்டுக் கொடுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு மருத்துவமனையிலிருந்து அக்காவுக்கு அழைப்பு வந்தது. பக்கவாதம் வந்தவர்களின் குடும்பங்களுக்குக் கூட்டம், உங்கள் சட்டைகளைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று. அக்கா ஆறு சட்டை தைத்து இஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டார். அவர் கடைப் பேனரைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன்.

வாசலில் நுழைந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேடைக்குப் பின்னால் ஆளுயரத்தில் அவர்களுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார், அக்கா தைத்த அதே சட்டையில். நான் ஸ்கேன் செய்த படம். அதற்குக் கீழே நான் டைப் செய்த வரி. அதற்கும் கீழே ஏதோ ஒரு புதுக் கம்பெனியின் பெயர். நடுவில் மைக்கோடு தங்கை.

"தினமும் காலைல எங்க அப்பாவுக்கு நான்தான் சட்டை போட்டுவிடுவேன்" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒருநாள் முகத்தத் திருப்பிக்கிட்டு அழுதாரு." முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். நான் தட்டிய கமா, புள்ளிகூட அப்படியே அவள் வாயில் வந்தது.

அக்கா அசையவில்லை. கையிலிருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு கடைசி வரிசையில் நின்றார்.

பிறகு சட்டையை எப்படிப் போடுவது என்று காட்ட, கூட்டத்திலிருந்து ஒரு பெரியவரை மேடைக்கு அழைத்தாள். அவருக்கும் வலது கைதான் விழுந்திருந்தது. தங்கை சிரித்த முகமாகச் சட்டையை விரித்து, அவருடைய இடது கையை, நல்ல கையை, முதலில் நுழைத்தாள். பிறகு விழுந்த கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பெரியவர் "அம்மா" என்று கத்திவிட்டார்.

தினமும் போட்டுவிட்டவள் செய்யும் காரியமா இது? ஆனால் அக்கா அதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை. பையை என் கையில் திணித்துவிட்டு மேடைக்கு ஓடினார். "மெதுவா, மெதுவா ஐயா" என்று சட்டையைக் கழற்றி, விழுந்த கையைக் குழந்தையைப் போல ஏந்தி முதலில் நுழைத்து, தோளைச் சரிசெய்து, மீதியைப் பெரியவரையே போட்டுக்கொள்ள விட்டார். கூட்டம் கைதட்டியது.

தங்கை முகத்தில் ஒரு நொடி ஈயாடவில்லை. ஒரே நொடிதான். மைக்கை எடுத்து, "இவங்க எங்களுக்குத் தச்சுக் குடுக்கற அக்கா. ரொம்ப அனுபவம்" என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவளை அக்கா நிறுத்தினார். கத்துவார் என்று நினைத்தேன். "ஏன்டி?" என்றுமட்டும் கேட்டார்.

"எதுக்குக்கா இப்படிப் பாக்கற? பொய்யா சொன்னேன்? எங்க அப்பாவப் பத்தி நான் பேசக் கூடாதா?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வெளியாளிடம்தான் நாம் எங்க அப்பா என்போம். கூடப்பிறந்தவளிடம் அப்பா என்றாலே போதும், மிஞ்சிப்போனால் நம்ம அப்பா. மூன்று மாதமாக ஊராரிடம் சொல்லிச் சொல்லி அவள் நாக்கு அப்படிப் பழகிவிட்டிருந்தது. "இல்லக்கா, நம்ம..." என்று ஆரம்பித்தாள். அக்கா அதற்குள் திரும்பி நடந்துவிட்டார். ஆட்டோவில் ஒரே ஒரு தடவை, "எங்க அப்பாவாம்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, மடியில் இருந்த பையிடம் சொன்னார்.

பதினொரு நாள் ஷட்டர் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் வந்து, சுவரிலிருந்த தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார். ஏனக்கா என்றேன்.

"படிச்சா அவ கொரல்ல கேக்குது தம்பி. எனக்கு இருந்தது அது ஒண்ணுதான். அதை எப்படி எடுத்துக்கிட்டா, யாரு குடுத்தான்னுதான் புரியல."

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை. பென் டிரைவ் விஷயத்தைச் சொன்னேன். "உங்க தங்கச்சிதானேன்னு நெனச்சேன்கா."

அக்கா கிழித்த தாளைக் கையில் சுருட்டிக்கொண்டே கேட்டார். "சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே தம்பி இருந்தேன்?"

நான் என் கடைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

கடையை மூடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை. மறுவாரமே மெஷின் ஓட ஆரம்பித்தது. தங்கையின் கம்பெனி ஊரெல்லாம் பேனர் வைத்தது. அதையும் தாண்டி இவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். எலும்பு முறிந்தவர்கள், தோளில் ஆபரேஷன் ஆனவர்கள், விழுந்த கையோடு ஒரு பள்ளிக்கூட வாத்தியார். என்னிடம் பேச்சு குறைந்தது. பில் புத்தகம் அடிக்க எதிர்வரிசைக் கடைக்குப் போகிறார். தம்பி என்று கூப்பிடுவதைமட்டும் விடவில்லை.

அந்தப் பயிற்சியாளர் போன மாதம் புதிதாகத் தொழில் தொடங்குகிற பத்துப் பேரை அழைத்துவந்தார். அதில் ஒரு பெண், "அக்கா, எது உங்கள விடாம இழுத்துக்கிட்டுப் போகுது?" என்று கேட்டாள். அக்கா நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு, "சும்மா, பொழப்புக்குத்தான்" என்றார். பயிற்சியாளர் முகம் தொங்கிவிட்டது.

எனக்குத் தெரியும், அது பொய். வெறும் பிழைப்புக்குத் தைக்கிறவர் ஒரு சட்டைக்காக நாலு சட்டையைப் பிரித்துப் போட மாட்டார். இவரிடம் ஏதோ புதிதாக ஒன்று இருக்கிறது. சுவரில் இல்லை, தாளில் இல்லை. அவர்கள் எல்லோரும் போனபின் நிலைப்படியில் நின்று கேட்டேவிட்டேன்.

"எங்கிட்டயாவது சொல்லுங்கக்கா. இப்ப எதுக்காகத் தொறக்கறீங்க?"

மெஷினை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லாத முகம்.

"ஏன் தம்பி, ஜெராக்ஸ் எடுக்கவா?"