இன்முகத்துடன் ஐந்து வாடிக்கையாளர்கள்

என் கணவர் வீடு கட்டிக் கொடுக்கும் கான்ட்ராக்டர். பாகூர்ப் பக்கம் அவரை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார். ஒதியம்பட்டில் கிட்டத்தட்ட முடிவாகியிருந்த ஒரு வேலையை, “அவருக்கு வெப்சைட் இருக்கு” என்ற ஒரே காரணத்துக்காக வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

“பதினஞ்சு வருசமா ஒயுங்கா வூடு கட்றேன். எவனும் நம்பல. கம்ப்யூட்டர்ல படம் போட்டா நம்புறானுங்க.”

அடுத்த வாரமே நாங்களும் நம்பிக்கை வாங்கக் கிளம்பினோம். அது வில்லியனூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கிடைத்தது. அதன் உரிமையாளர் எங்களுக்காக ஏற்கெனவே ஒரு மாதிரி தயார் செய்து வைத்திருந்தார். முதல் பக்கத்தில் ஒரு பங்களா. என் கணவர் திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார்.

“இன்னாபா இது, கூரை மேல இவ்ளோ பஞ்சு?”

“அது பனி சார். ஃபாரின் வீடு. பாக்குறவங்களுக்கு ஒரு ரிச் லுக் வரும்.”

அடுத்த பக்கம் ‘எங்கள் குழு’. வெள்ளை ஹெல்மெட் போட்ட ஆறு பேர், நடுவில் பொன்னிற முடியோடு கையில் வரைபடம் பிடித்த ஒரு பெண். எங்கள் உண்மையான குழுவில் இரண்டு கொத்தனார்கள், கலவை போடும் ஓர் அக்கா, என் கணவர். அந்த அக்காவின் போட்டோவைப் போடலாமே என்றேன். சென்டர்காரர் சிரித்த சிரிப்பிலேயே பதில் இருந்தது.

“கஸ்டமர் ரிவ்யூ கொறஞ்சது அஞ்சு வேணும் மேடம். அதான் டிரஸ்ட்.”

நான் தவளக்குப்பம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. ஐந்து வாடிக்கையாளர்களை உருவாக்குவது எனக்கு ஒரு மாலை வேலை. ஓட்டுநர், விவசாயி, வங்கி ஊழியர், துபாயில் இருப்பவர், ஓர் இல்லத்தரசி. ஐவரும் மனம் நெகிழ்ந்து எழுதினார்கள். ஒருவருக்கும் ஒற்றுப்பிழை வரவில்லை. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே என் கணவர்மேல் புதிதாக மரியாதை வந்தது.

இரண்டு மாதம் கழித்து அந்த வெப்சைட்டைப் பார்த்து முதல் ஆள் தேடி வந்தார். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா. ஊரில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தான். வில்லியனூர் பக்கம் மனை வைத்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செல்போனை எங்கள் பக்கம் திருப்பினார்.

“இந்த வெள்ளக்கார பொண்ணு எந்த ஊருபா?”

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“சரி, வுடு. இந்த அஞ்சு பேரு எழுதியிருக்காங்களே, அஞ்சு பேருமே ‘இன்முகத்துடன் பழகினார்’னு எழுதியிருக்காங்க. முப்பது வருசம் வார்டுல இருந்தேன். இன்முகம்னு ஒருத்தன் வாயில வந்து நான் கேட்டதில்ல. யாரு எழுதுனது?”

“நான்தான் சிஸ்டர்” என்றேன். வேறு வழி தெரியவில்லை. காது சுட்டது. வகுப்பில் காப்பி அடித்தவர்களை நான் நிற்க வைத்த நாட்கள் எல்லாம் ஞாபகம் வந்தன.

அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

“நீ கட்டுன வூட்ல எதுனா ஒண்ணு சொதப்பியிருக்கும்ல தம்பி? அந்த வூட்ட காட்டு.”

என் கணவருக்கு முகம் செத்துவிட்டது. ஆனால் மறைக்கவில்லை. “இருக்கு சிஸ்டர். பாகூர் ஏரிக்கரை ரோட்டுல. மாடி ஒழுவுச்சு” என்றார்.

மூவருமாக ஆட்டோவில் போனோம். எங்கள் உண்மையான குழுவில் யார் யார் என்று வழியிலேயே சிஸ்டர் கேட்டுத் தெரிந்துகொண்டார். அது ஒரு கரும்பு விவசாயியின் வீடு. விவசாயியின் மனைவி வாசலிலேயே எங்களைப் பிடித்துக்கொண்டார். எதற்கு வந்தோம் என்று சிஸ்டர் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

“வா மேஸ்திரி, நல்லா காட்டு! மொத மழைக்கே ஒழுவுச்சும்மா. கட்டில் மேல, டிவி மேல, சாமி படத்து மேல. வூட்டுக்குள்ள கொட பிடிச்சினு சோறு துன்னோம்.”

உள்ளே அழைத்துப் போய்க் கறையை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அரை மணி நேரம். என் கணவர் கைகட்டி நின்றார். நான் எழுதிய ஐந்து பேரில் ஒருவர்கூட இவ்வளவு விரிவாகப் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சிஸ்டர் நிதானமாகக் கேட்டார்: “ஒழுவுனப்போ கூப்ட்டியா?”

“கூப்டாம?”

“வந்தாரா?”

“வந்தாரு. கொட்ற மழையில கோணிய தலையில போட்டுக்கினு வந்தாரு. மூணு நாளு மேலயே கெடந்து, கொழா பக்கத்துல ஒடச்சி திருப்பி பூசுனாரு. அடுத்த மழைக்கு நான் கூப்டவே இல்ல, தானா வந்து நின்னாரு. ஆனா டிவி போனது போனதுதானே?”

இதையும் அவர் திட்டுகிற குரலிலேயே சொன்னார். பிறகு இரண்டு பெண்களும் முட்டிவலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். நாங்கள் வாசலில் காத்திருந்தோம்.

திரும்பும் வழியில் சிஸ்டர், “வேலய ஆரம்பிபா” என்றார். அவ்வளவுதான். அட்வான்ஸாக ஒரு நிபந்தனை வைத்தார்: கலவை போடும் அக்காவை முதலில் அவருக்கு அறிமுகம் செய்ய வேண்டும்.

அன்று மாலை என் ஐந்து வாடிக்கையாளர்களையும் நானே அழித்தேன். பனிவீடும் வெள்ளை ஹெல்மெட் குழுவும் போயின. பாகூர் வீட்டுக் கறையின் படத்தைப் போட்டு, அந்த வீட்டம்மா சொன்னதைச் சொன்னபடியே கீழே எழுதினேன், ஒற்றுப்பிழைகளோடு. அதற்கு அவர் சந்தோஷமாகச் சம்மதித்தார். சம்மதிக்காதவர் வில்லியனூர் சென்டர்காரர்தான்.

“மேடம், ஒழுகுன வீட்ட எந்த பில்டராவது போடுவானா?”

“மேஸ்திரி போடுவாரு” என்றேன்.

இப்போது விசாரிக்கிறவர்கள் கேட்டால் அந்த வீட்டம்மாவின் நம்பரைத் தருகிறோம். அவர் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து திட்டுகிறார். திட்டு வாங்கி முடித்தவர்களில் பாதிப் பேர் எங்களிடம் வருகிறார்கள். மீதிப் பாதி பங்களா படம் போட்டவர்களிடம் போகிறார்கள். அவர்களுக்கும் நம்பிக்கை வேண்டும் அல்லவா.

சிஸ்டர் வீடு முடிந்து முதல் பெருமழை வந்தது. என் கணவர் யாரும் கூப்பிடாமலேயே ரெயின்கோட் மாட்டிக்கொண்டு வில்லியனூருக்குப் போனார். மாடி முழுக்கச் சுற்றினார். உள்ளே ஒவ்வொரு சுவரையும் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. சிஸ்டர் டீ கொடுத்து அனுப்பினார்.

நனைந்து வந்தவர் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: “ஒழுவலடி. வெப்சைட்ல போட இன்னா எழுதுவ?”