யோகண்ணை மேசையை விட்டு விலகிய மாலை

குரோருட் நிலையத்தில் மெட்ரோவை விட்டு இறங்கும்போது யோகநாதன் அண்ணையின் மனைவி வசந்தியின் அழைப்பு வந்தது. "அக்கா, இவர் எழும்பேல்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு போய்க் கூப்பிட்டனான். எழும்பேல்லை" என்றாள். அவள் அழவில்லை. பின்னால் யாரோ நோர்வேஜிய மொழியில் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் படியேறாமல் அங்கேயே நின்றுவிட்டேன்.

யோகநாதனை உங்களில் பலர் பேக்கரியில் வேலை செய்தவராக அறிவீர்கள். கப்பலில் களவெடுத்து வேலையிழந்தவர் என்றும் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் கப்பலில் அவருக்குப் பக்கத்து மேசையில் நின்றவள் நான். இறந்தவர்களையெல்லாம் உத்தமர்களாக்கும் எழுத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. யோகண்ணை முன்கோபக்காரர். கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்வார். ஆகவே நான் பார்த்ததையும் அவர் வாயால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன்.

நோர்வே மண்ணில் சூதாட்ட விடுதி நடத்த அனுமதி இல்லை. ஒஸ்லோவிலிருந்து வெளிநாடு போகும் கப்பல்களில் சில மேசைகள் உண்டு. கப்பல் குடாவைத் தாண்டிய பிறகு அவற்றின் உறையைக் கழற்றுவோம். யாழ்ப்பாணத்தில் நான் பெற்ற கணிதப் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ள நெடுநாள் பிடித்தது; அதுவரை சீட்டுப் போடும் டீலராக நின்றேன். யோகண்ணை எனக்கு முன்பே அங்கே இருந்தார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது மினுக்கமான வேலை. உண்மையில் கால் வீங்கும் வேலை. எங்கள் உடுப்பின் பைகள் தைத்து மூடப்பட்டிருக்கும். மூக்கைச் சொறிந்தாலும், மேசையை விட்டு விலகினாலும், கூரையிலுள்ள கமராவுக்கு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டவேண்டும். கப்பல் ஆடினால், பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளின் அடுக்கைப் புறங்கையால் தாங்கிக்கொண்டே சீட்டுப் போடவேண்டும். தோற்பவர்கள் எங்களைத் திட்டுவார்கள். "இவன் கை எனக்கு ஆகாது, வேறு ஆளைக் கொண்டுவா" என்பார்கள். வெல்பவர்கள் எங்கள் முகத்தையே பார்ப்பதில்லை.

இவையெல்லாம் பழகிவிடும். ஒருவர் தன் எல்லையைத் தாண்டிவிட்டார் என்பது அவருக்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடுவதுதான் பழகாது. மூச்சு மாறும். வில்லையைத் தொடும் விரல் மாறும். பார்த்துக்கொண்டே அடுத்த சீட்டைப் போடவேண்டும். "எங்கட வேலை சீட்டுப் போடுறதெண்டு நினையாதேங்கோ. வாய் பொத்திக்கொண்டு நிக்கிறதுக்குத்தான் சம்பளம்" என்பார் யோகண்ணை.

எல்லிங்ஸ்ருட்டில் ஒரு பிறந்தநாள் வீட்டில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாட ஓர் ஆள் குறைந்தது. எவ்வளவு கூப்பிட்டும் அவர் போகவில்லை. "வெள்ளைக்காரனுக்கெண்டால் விடிய விடியப் போடுவியள், எங்களுக்குப் போட்டால் கை தேஞ்சிடுமோ?" என்று ஒருவர் சீண்டினார். யோகண்ணை சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சீட்டைப் பிடிச்சால் உங்கட முகங்களைப் பார்க்கத் தொடங்கிடுவன். பிறகு உங்களோட இருந்து சோறு தின்னேலாது." எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கப்பலில் ஒரு விதி இருந்தது. தெரிந்தவர் யாராவது மேசைக்கு வந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்லி விலகவேண்டும். ஒஸ்லோவில் எந்தத் தமிழர் நமக்குத் தெரியாதவர்? ஒவ்வொரு முறையும் விலகினால் வேலை மிஞ்சாது. ஆகவே எங்கள் ஆட்களில் எவரையும் தெரியாது என்று யோகண்ணை சொல்லிவைத்திருந்தார். மேசையில் தமிழில் ஒரு சொல்லும் பேசமாட்டார்.

திராமன் நகரிலிருந்து ஒரு தமிழ் இளைஞன் வரத் தொடங்கினான். பெயர் வேண்டாம். மனைவியையும் கைக்குழந்தையையும் அறையில் விட்டுவிட்டு மேசைக்கு வருவான். முதல் பயணத்தில் ஒரே பகிடி. "அண்ணை, எங்கட ஆளெண்டு ஒரு நல்ல சீட்டைப் போட்டால் என்ன, கப்பலே மூழ்கிடுமோ?" யோகண்ணை நோர்வேஜிய மொழியில் அவனுடைய சீட்டுகளின் கூட்டுத்தொகையை மட்டும் சொன்னார். அடுத்த பயணத்தில் திட்டினான். அதற்கடுத்த பயணத்தில் பகிடியும் இல்லை, திட்டும் இல்லை. ஒவ்வொரு தோல்விக்கும் நன்றி சொன்னான். இடைவேளையில் யோகண்ணை என்னிடம், "திட்டுறவன் வீட்டை போய்ச் சேந்திடுவான். மரியாதையாத் தோக்கிறவனிலதான் கண் வைக்கோணும்" என்றார்.

அது மார்கழி மாதம். சாயங்காலம்தான், ஆனாலும் யன்னலுக்கு வெளியே கடலும் வானமும் ஒரே கறுப்பு. அவன் எழுந்தான். கதிரையை ஒழுங்காக உள்ளே தள்ளினான். "போறன் அண்ணை" என்றான்.

பக்கத்து மேசையில் நின்ற எனக்கும் அது கேட்டது. கடைக்குப் பால் வாங்கப் போனாலும் "போயிட்டு வாறன்" என்று சொல்லும் ஆட்கள் நாம். மற்றச் சொல் நம் வாயில் வராது. வந்தால் தாய்மார் விடமாட்டார்கள். யோகண்ணையின் கை பாதியில் நின்றது. சீட்டுக்காகக் காத்திருந்த இரண்டு ஜெர்மன்காரர்களை அப்படியே விட்டு, சீட்டுக்கட்டைக் கவிழ்த்து வைத்து, கமராவுக்குக் கையைக் காட்டாமல் அவன் பின்னால் போனார்.

மீதியைப் பின்னர் துண்டு துண்டாகத்தான் சொன்னார். பின்தளத்தில், கம்பியோரம், ஜாக்கெட் இல்லாமல் அவன் நின்றிருக்கிறான். இவரும் ஜாக்கெட் இல்லாமல் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன். "பெரிசா ஒண்டுமில்லை. குளிருதெண்டன். ஓமெண்டான். பிறகு பிள்ளையின்ர பெயரைக் கேட்டன்." பெயரைச் சொல்லிவிட்டு அவன் இவரோடு உள்ளே வந்தானாம்.

மேற்பார்வையாளர் என்னை அழைத்து விளக்கம் கேட்டார். அந்த ஆள் 'போகிறேன்' என்றதால் இவர் போனார் என்றேன். "போகிறவர் போகிறேன் என்று சொல்வதில் என்ன இருக்கிறது?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அவருடைய மொழியில் என்னால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. மேசையைச் சோதித்தார்கள், எதுவும் குறையவில்லை. ஆனாலும் கையைக் காட்டாமல் போனவர் மறுபடி மேசையில் நிற்க முடியாது. களவுக் கதை நம்மிடையே பரவியது. வாய் திறந்து மறுக்கும்படி அவரிடம் சொன்னேன். "மறுத்தால் ஏனெண்டு கேப்பினம். அவன்ர பெயர் வரும். என்ர பெயர் கெட்டால் நான் இருந்து சமாளிப்பன், அவன் சமாளிக்கமாட்டான்" என்றார்.

அவன் காற்று வாங்கத்தான் போயிருப்பானோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. யோகண்ணையிடமே கேட்டேன். "இருக்கலாம். நான் நினைச்சது பிழையெண்டால் நல்லதுதானே" என்றார்.

அந்த இளைஞன் இருக்கிறான். கடையில் யோகண்ணையைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிவிடுவான். இதை எழுத அவன் மனைவியிடம் சம்மதம் கேட்டேன். "எழுதுங்கோ அக்கா. அந்த மனிசனைக் கள்ளனெண்டு கொண்டுபோய் எரிக்க விடாதேங்கோ" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இவர் இப்ப விளையாடுறேல்லை எண்டுதான் சொல்லுறார். ஆனால் கதவு திறக்கிற சத்தம் கேட்டால் நான் இப்பவும் எழும்பி வந்து பாக்கிறனான்."

நான் இன்று சமூகசேவை அலுவலகம் ஒன்றில் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். கத்துபவர்களும் மேசையில் அடிப்பவர்களும் வருகிறார்கள். அவர்களால் எனக்குப் பயமில்லை. சில வேளைகளில் ஒருவர், விண்ணப்பம் மறுக்கப்பட்டதைக் கேட்டதும் திடீரென்று அமைதியாகி, எனக்கு நன்றி சொல்லி எழுந்துகொள்வார். யோகண்ணையிடமிருந்து எனக்குக் கிடைத்தது அப்போது வரும் பயம். அது நல்ல சொத்தென்று சொல்லமாட்டேன். ஆனால் அது வந்ததும் நானும் எழுந்துவிடுகிறேன். வாசலுக்கு வெளியே போய், இன்று நல்ல குளிர் என்கிறேன். பெரும்பாலும் அவர் பஸ்ஸுக்குத்தான் போய்க்கொண்டிருப்பார். பஸ் வரும்வரை அவரோடு நிற்கிறேன்.