என் தாடை வலியும் அத்தை மகளும்

அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்த வருடம்தான் எனக்குத் தாடை வலி வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று நான் அன்றைக்கே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

அப்பாவின் தங்கைக்குக் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலை. மகள் தமிழில் படிக்கட்டும் என்று கம்பத்தில் எங்களிடம் விட்டுப் போனாள். வந்தவள் என் வயதுக்காரி. முதல் நாளே எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் படுத்துக்கொண்டாள். திராட்சைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும் அப்பா அவளைத்தான் முதலில் கூப்பிடுவார். "அப்படியே என் தங்கச்சிதான். அந்தச் சிரிப்பப் பாரு!" என்பார். அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும் அம்மா இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பின்னுவாள். எனக்கு மட்டும் எப்போதும் தொளதொளவென்றுதான் பின்னிவிடுவாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் காலையில் இட்லியைக்கூட மெல்ல முடியவில்லை. காதுக்கு முன்னால் சுள்ளென்று வலி. பக்கத்து வீட்டு அக்கா என் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "ஆத்தாடி, இது பொன்னுக்கு வீங்கியேதான்!" என்றாள். அம்மா அந்த நிமிடமே தன் கழுத்துச் செயினைக் கழற்றி எனக்குப் போட்டாள். தங்கம் பட்டால் வீக்கம் வடியுமாம். ஒட்டிக்கொள்ளும் நோய் என்று அத்தை மகளின் பாயை அடுத்த அறைக்கு மாற்றினார்கள். அம்மா ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டிவிட்டாள். வலி உயிர் போனது. ஆனாலும் அப்படி ஒரு சுகமான வாரம் எனக்கு அதற்குமுன் வாய்த்ததில்லை. செயினைச் சட்டைக்கு வெளியே எடுத்துவிட்டு, அத்தை மகள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.

அதையும் அப்பா கெடுத்தார். "இங்கன வச்சிருந்தா தங்கச்சி மகளுக்கு ஒட்டிக்கிரும். அவ கேட்டா நான் என்ன பதில் சொல்ல? தேனிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டு" என்றார். அவளுக்கு வந்துவிடக் கூடாதே என்று எனக்கு வைத்தியம்! பஸ்ஸில் தேனி வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டே போனேன்.

தேனியில் குழந்தை டாக்டர், வீக்கமே இல்லையே என்று பல் டாக்டரிடம் அனுப்பினார். அந்த டாக்டரம்மா என் காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். 'டக்' என்றது.

"பொன்னுக்கு வீங்கி எல்லாம் இல்லம்மா. தாடை மூட்டுல வலி. பாப்பா ராப்பகலா பல்லக் கடிக்குது."

வெந்நீர்த் துணியில் ஒத்தடம், கொஞ்ச நாளைக்கு முறுக்கு கூடாது, உதடு மூடியிருந்தாலும் பல்லோடு பல் தொடக் கூடாது என்றார். பிறகு, "யார் மேல பாப்பா இம்புட்டுக் கோவம்?" என்று சிரித்தார். நான் மறுபடியும் பல்லைக் கடித்தேன்.

மூட்டு எப்படி அசைய வேண்டும் என்று காட்டுவதற்காக என் விரலைப் பிடித்து அம்மாவின் கன்னத்தில் வைத்து, "நீங்க திறங்கம்மா" என்றார். 'டடக்!' என்னுடையதைவிடப் பெரிய சத்தம். டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுபோனது.

"உங்களுக்கு எவ்வளவு நாளா வலி இருக்கு?"

"அது கிடக்கு டாக்டர், புள்ளையப் பாருங்க. வீட்டுல இன்னொரு புள்ள பள்ளிக்கூடம் விட்டு வந்துரும். நான் இல்லைன்னா அவுக சத்தம் போடுவாக."

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவை விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். எனக்கென்று வந்த ஒரே ஒரு நோய். அதிலும் அம்மா பங்குக்கு வந்துவிட்டாள், அதுவும் பெரிய பங்காக. அந்தப் பொறாமையில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவளுக்கு, 'யார் மேல இம்புட்டுக் கோவம்?' என்று என்னைக் கேட்டதுபோல் டாக்டரம்மா அம்மாவையும் கேட்டிருக்கலாமே என்று தோன்றவேயில்லை.