ஒனிகாவின் இரவல் விலாசம்

ஒனிகா குவாஷிக்கு சும்மா உட்காரத் தெரியாது. உடம்பு நாற்காலியில் இருக்கும். வலது முழங்கால் மட்டும் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்துக் கவுண்டர் என்னுடையது. அவள் ஆட்டத்தில் என் மேசையும் சேர்ந்து ஆடி, பேனா உருண்டு கீழே விழும். நான் குனிந்து எடுப்பேன். "பட்டதாரிக்கு நல்ல உடற்பயிற்சி" என்பாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

எங்கள் தீவின் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகம் அது. இருவரும் ஒரே வாரத்தில் ஒப்பந்தத்தில் சேர்ந்தோம். நான் அவினாஷ் பூதூ, தெற்கே பாராக்போர் கிராமம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அப்பா மிளகாயும் கத்தரியும் போட்டு விற்றவர். என் பட்டம் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட முடியாது. ஒனிகா பள்ளி இறுதித் தேர்வில் ஏழு பாடம் தேறியவள், அவ்வளவுதான். ஆனால் கார் இடித்த கோபத்தில் கத்திக்கொண்டு வருகிறவனை அவள் ஐந்து நிமிடத்தில் சிரிக்க வைத்து அனுப்புவதைப் பார்த்தால், என் பட்டம் கொஞ்சம் கூச்சப்படும்.

அவள் வீடு அரிமாவில் என்று எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் நாலரைக்கு, கிழக்கே போகும் மேக்ஸி வேனில் எங்களோடுதான் ஏறுவாள். நான் வாடகைக்கு அறை எடுத்திருந்த கியூரிப்பில் இறங்கிவிடுவேன். அரிமா இன்னும் தூரம். ஆனால் அவள் எனக்கு முன்னாலேயே, சான் யுவானில் இறங்கிவிடுவாள். "மார்க்கெட்டுல வேலை இருக்கு." "ஃப்ரெண்டைப் பாக்கணும்." நாலு மாதம் அதை நம்பினேன். ஒருநாள் எனக்கும் சான் யுவானில் செருப்பு தைக்க வேண்டியிருந்தது. அவளுக்குப் பின்னாலேயே இறங்கினேன். அவள் மார்க்கெட் பக்கம் போகவில்லை. சாலையைக் கடந்து, திரும்ப நகரத்துக்குப் போகும் வேனில் ஏறினாள். ஏறும்போது என்னைப் பார்த்துவிட்டாள்.

மறுநாள் காலை அலுவலகம் திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் என்னை மறித்தாள்.

"என்னடா பாத்தே?"

"ஒண்ணும் பாக்கலையே."

"பொய் சொன்னா உன் காது சிவக்குது. எனக்கு வீடு அரிமால இல்ல, இங்க நகரத்தை ஒட்டின லாவெண்டில் மலைல. கரண்ட் கம்பம் நாப்பத்திமூணு. போய்ச் சொல்றதுன்னா இப்பவே போய்ச் சொல்லிடு. எனக்குக் காத்துக்கிட்டிருக்கப் பிடிக்காது."

கம்பத்தின் எண்ணைச் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அடிக்கவே வந்தாள். "ஏய், இரு, இரு. எங்க ஊர்லயும் கதவு நம்பர் கிடையாது. கரண்ட் கம்பம் நூத்திப்பதினெட்டுக்கு அடுத்த வீடு. காலேஜ் படிவத்துல அப்படித்தான் எழுதினேன். அங்க இருந்த அம்மா, 'கம்பத்துலயா குடியிருக்கீங்க?'ன்னு கேட்டாங்க."

"உன்னைக் கேட்டுச் சிரிச்சாங்க. என்னைக் கேக்கவே இல்ல, அதான் வித்தியாசம்" என்றாள்.

பிறகு ஒருநாள் மொத்தக் கதையையும் சொன்னாள். மலை விலாசத்தைப் போட்டு ஒன்பது இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினாளாம். பதிலே இல்லை; மலை என்றாலே ரவுடிகள் என்று நகரம் பயப்படும். அதே சான்றிதழ், அதே போட்டோ, அரிமாவில் இருக்கும் யூனிஸ் சித்தியின் விலாசம் போட்டு அனுப்பினாள். ஆறாம் நாள் போன் வந்தது. மலையில் இது ஒன்றும் புதிதில்லை. அவள் வகுப்பில் படித்த பாதிப் பேர் காகிதத்தில் அரிமாவிலும் தூனாபூனாவிலும் குடியிருக்கிறார்கள். விலாசத்தை இரவல் கொடுக்கும் சித்தி, மாமா, சர்ச் அக்கா எல்லாம் மலைக்குப் பெரிய சொத்து.

மத்தியானம் சதுக்கத்து மரத்தடியில் சாப்பிடுவோம். பொரித்த மெத்து ரொட்டிக்குள் மசாலா வைத்த டபுள்ஸ் வாங்கி, கடலை வழிய வழிய நின்றுகொண்டே தின்பாள் ஒனிகா. எங்களோடு டெரோன் வருவான், ஃபைல் பிரிவு. அப்பா இந்திய வம்சம், அம்மா ஆப்பிரிக்க வம்சம். கனடாவுக்கு மனு போட்டுவிட்டு, தினமும் போனைத் தடவிக்கொண்டு இருப்பான்.

"தேர்தல் வந்தா ரெண்டு பக்கத்துக்காரனும் என்னைச் சொந்தக்காரன்னு கட்டிப்பிடிக்கிறான்" என்றான் ஒருநாள். "பொண்ணு கேட்டுப் போனா ரெண்டு பக்கத்துக்காரனும் நீ யாருங்கிறான். போதும்டா சாமி, நான் கெளம்பறேன்."

"போ, போ. அங்க போனா உன்னைக் கறுப்பன்னு ஒரே வார்த்தைல முடிச்சுடுவான். உனக்கும் குழப்பம் தீரும்" என்றாள் ஒனிகா.

"உனக்கென்ன, நீ முழுசு. நான் பாதி பாதி."

"நான் முழுசா? நான் மலைடா. கார்னிவல் வந்தா ஊருக்கே எங்க இரும்பு டிரம் அடிக்கிற பான் வாத்தியம் வேணும். சத்தம் வேணும், ஆள் வேணாம். டூரிஸ்ட் போஸ்டர்ல எங்க பையன் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறான். அதே பையன் இங்க கதவைத் திறந்தா செக்யூரிட்டி எந்திரிச்சு நிக்கறான்."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "படிப்புதான் வழி. என்னையும் இங்க வந்த புதுசுல பட்டிக்காட்டான்னாங்க. பட்டம் வந்ததும் வாயை மூடிக்கிட்டாங்க."

"உன்னைப் பட்டிக்காட்டான்னு சிரிப்பாங்க பட்டதாரி, பயப்பட மாட்டாங்க. சிரிப்பு பட்டத்தைப் பாத்து அடங்கும். பயம் எதைப் பாத்துடா அடங்கும்?"

கையில் மிச்சமிருந்த டபுள்ஸைத் தின்றேன்.

ஒப்பந்தம் முடியப்போகும் மாதம் வந்தது. நிரந்தரமாக்குவதற்கு ஒரு நேர்காணல்; அதற்குப் பிறகு கம்பெனி ஆள் வீட்டுக்கு வந்து பார்த்து ஒரு படிவம் நிரப்புவார். எனக்கு முதல் வாரமே முடிந்துவிட்டது. ஒனிகாவுக்கு வியாழக்கிழமை பத்து மணி. அம்மாவுக்கு முட்டிவலி, தங்கை படிக்கிறாள், அந்த வீட்டில் வரும் ஒரே சம்பளம் இவளுடையது. முழங்கால் ஆட்டம் அந்த வாரம் இரண்டு காலுக்கும் பரவியிருந்தது.

வியாழன் காலை ஏழரைக்குப் போன் அடித்தாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள். "மலையைச் சுத்தி போலீஸும் ஆர்மியும். வீடு வீடாத் தேடறாங்க. முடியற வரைக்கும் யாரையும் கீழ விடலை. ஏதாவது சொல்லி வை. மலைன்னு மட்டும் சொல்லிடாத."

நான் பாராக்போர்க்காரன். எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாததற்கும் கல்யாணத்துக்கு வராததற்கும் ஒரே காரணம்தான், எல்லோரும் நம்பும் காரணம். பத்து மணிக்கு மேலாளர் மிஸ் லெசாமா வந்து கேட்டபோது அதுவே வாயில் வந்தது.

"அரிமால வெள்ளம், மிஸ். ரோடெல்லாம் தண்ணியாம்."

மிஸ் லெசாமா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "அப்படியா? நான் அரிமாவுலதானே பொறந்து வளர்ந்து இன்னைக்குக் காலைல கெளம்பி வந்தேன். துணியைக் கொடில போட்டுட்டு வந்திருக்கேனே, மிதந்து போயிருக்குமோ?"

என் காது எப்படிச் சிவந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். பின்னால் டெரோன் இருமினான்.

ஒனிகாவை எத்தனையோ தடவை கூப்பிட்டேன். போன் அணைந்து கிடந்தது. பதினொன்றரைக்கு வந்து நின்றாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மலையிலிருந்து ஓடியே வந்திருக்கிறாள். நான் கண்ணைக் காட்டுவதற்குள் மிஸ் லெசாமா அறை வாசலுக்கு வந்துவிட்டார்.

"வாம்மா. வெள்ளம் வடிஞ்சுதா?"

ஒனிகா என்னைப் பார்த்தாள். ஒரே பார்வையில் நடந்ததை முழுக்கப் புரிந்துகொண்டாள். 'எங்க தெருவுல மட்டும் குழாய் உடைஞ்சது மிஸ்' என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவளுக்கு வராத கதையா? வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"வெள்ளம் இல்ல, மிஸ். போலீஸ். நான் அரிமா இல்ல. லாவெண்டில். கரண்ட் கம்பம் நாப்பத்திமூணு."

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ் லெசாமா அவளை உள்ளே கூப்பிட்டார். கதவை மூடவில்லை, எங்களுக்கும் கேட்கட்டும் என்றுதானோ என்னவோ.

"விண்ணப்பத்துல பொய்த் தகவல் குடுத்தா வேலையை விட்டு எடுக்கலாம்னு நீயே கையெழுத்துப் போட்டிருக்க. தெரியுமில்ல?"

"தெரியும், மிஸ். அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, உண்மையைச் சொன்ன விண்ணப்பம் ஒண்ணும் உங்களுக்கு வந்துச்சு. பதில் போடலை. வேணும்னா ஃபைல்ல தேடிப் பாருங்க."

பிறகு மிஸ் லெசாமாவின் குரல், இன்னும் கறாராக: "புதுப் படிவம் வாங்கிக்க. சரியான விலாசத்தை எழுது. கோம்ஸ் வந்து வீட்டைப் பாக்கட்டும். அதுக்கப்புறம் மேலிடம் என்ன சொல்லுதோ அதுதான். நான் ஒண்ணும் வாக்குக் குடுக்கலை."

கோம்ஸ் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வீடு பார்த்துப் படிவம் நிரப்புவது அவர் வேலை. நல்ல மனுஷர், வெள்ளை கார், எப்போதும் கழுவித் துடைத்தது. மறுநாள் ஒனிகாவிடம் வந்து ரகசியமாகச் சொன்னார்: "ஏம்மா, உனக்கும் சிரமம் வேணாம், எனக்கும் வேணாம். வந்து பாத்துட்டதா எழுதிடறேன். எல்லாம் நல்லாத்தான் போடுவேன்."

"அதையே பிடிச்சுக்க!" என்றேன் நான், அவர் நகர்ந்ததும். "தானா வருது."

"இன்னொரு பொய்யா? நேத்துதான் ஒண்ணை இறக்கி வெச்சேன். முதுகு இன்னும் காயலைடா." அவர் பின்னாலேயே ஓடினாள். "சார், சனிக்கிழமை பத்து மணி. பெட்ரோல் பங்க்ல நிக்கறேன். நானே கூட்டிட்டுப் போறேன்."

சனிக்கிழமை நானும் போனேன். உண்மையைச் சொன்னால், கோம்ஸ் போலவே நானும் கார்க் கதவின் பூட்டைச் சரிபார்த்துக்கொண்டேன். பதினோரு மாதம் ஜன்னலிலிருந்து தினமும் பார்த்த மலையில் அன்றுதான் காலை வைத்தேன். தெரு வளைந்து வளைந்து ஏறியது. ஒரு திருப்பத்தில் கார் சிக்கிக்கொண்டது. சுவரில் உட்கார்ந்திருந்த மூன்று பையன்கள் எழுந்து வந்தார்கள். கோம்ஸ் கண்ணாடியை ஏற்றினார். அவர்கள் சாக்கடை ஓரம் கிடந்த கல்லை நகர்த்தி, "சார், இடது, இடது, ஒடிங்க, போதும்!" என்று கைகாட்டினார்கள். அதில் ஒருவன், "ஒனிகா, கல்யாணமா? ரெண்டு மாப்பிள்ளை கூட்டிட்டு வர்றே?" என்றான். "கெழவர்தான் மாப்பிள்ளை. இவன் பெட்டி தூக்க" என்றாள்.

அவள் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டே எழுந்து, மரப்பட்டை போட்டுக் காய்ச்சிக் குளிரவைத்த மோபி பானம் கொண்டுவந்து வைத்தார். கோம்ஸ் கசப்புக்கு முகம் சுளிக்காமல் குடித்தார். தங்கை மூலையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர் படிவத்தை மடியில் வைத்து அறைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒனிகா அவர் நாற்காலிக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தாள். திடீரென்று நின்றாள்.

"சார், அந்தக் கடைசி வரி ஏற்கெனவே எழுதியிருக்கே."

சுற்றுப்புறம் என்ற வரியில் 'மோசம்' என்று இருந்தது. அது பச்சை மை. அவர் அப்போது கையில் வைத்திருந்தது நீல மைப் பேனா.

கோம்ஸ் கழுத்துவரை சிவந்துவிட்டார். "அது... ஆபீஸ்லயே... வழக்கமா அப்படித்தாம்மா."

"நல்லாத்தான் போடுவேன்னீங்க."

"வீட்டைப் பத்திச் சொன்னேன்."

"வழியைப் பாத்தீங்க இல்ல? பாத்ததை எழுதுங்க, சார். மோசமா இருந்திருந்தா மோசம்னே எழுதுங்க. ஆனா பாத்துட்டு எழுதுங்க."

அம்மா, "விடுடி, பெரியவர்" என்றார். ஒனிகா விடவில்லை. கோம்ஸ் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அந்தப் பையன்கள் அவர் கார் நிழலில் நின்று ஏதோ வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். பச்சை வார்த்தையை அடித்தார். 'தெரு குறுகல். தெருவில் இருந்தவர்கள் உதவினார்கள்' என்று நீலத்தில் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். ஒனிகா அதை இரண்டு முறை படித்தாள். 'நல்லது' என்று அவர் எழுதவில்லை. அவளும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, இன்னும் ஆறு மாத ஒப்பந்தம். காரணம் என்று ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எனக்கு வந்த கடிதத்தில் நிரந்தரம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அன்றைக்கு என் பட்டத்தைப் பற்றி நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. என் கடிதத்தையும் அவள் கையிலேயே கொடுத்தேன். "இதையும் எடுத்துட்டுப் போ. ரெண்டையும் காட்டிக் கேளு."

"உனக்கு வில்லங்கமாயிடும்டா."

"ஆகட்டும்."

இரண்டு கடிதத்தோடும் மிஸ் லெசாமா அறைக்குள் போனாள். என் கவுண்டர் வரிசையோடு அவள் வரிசையும் சேர்ந்து என் முன்னால் நின்றது. ஒரு கண் வாடிக்கையாளர் மேல், ஒரு கண் அந்த அறையின் கண்ணாடிக் கதவின் மேல். உட்காரச் சொல்லி மிஸ் லெசாமா நாற்காலியைக் காட்டுவது தெரிந்தது. ஒனிகா நின்றுகொண்டே இருந்தாள். கோம்ஸின் படிவத்தை மிஸ் லெசாமா வெளியே எடுத்தார், படித்தார், திருப்பிப் பார்த்தார். போனை எடுத்தார். மேலிடத்தில் யாரோடோ பேச்சு. முதலில் மெதுவாக, பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வரை கேட்கும்படியாக: "அப்போ காரணத்தை எழுத்துல அனுப்புங்க. ஆமா, இன்னைக்கே. என் பேர்ல வேணாம், அந்தப் பொண்ணு பேர்ல அனுப்புங்க." அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் போனை வைத்தார்.

இருவரும் வெளியே வந்தார்கள். மிஸ் லெசாமா கையில் ஒனிகாவின் கடிதம் இரண்டாகக் கிழிந்திருந்தது.

"எழுத்துல குடுக்கறதுக்கு அவங்ககிட்டக் காரணம் இல்லையாம்" என்றார் எல்லோருக்கும் பொதுவாக. "வேற லெட்டர் வரும். நிரந்தரம்னு போட்டு. வெள்ளிக்கிழமை."

டெரோன் கைதட்டப் போனான். ஒனிகா அவனைக் கையமர்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு, மிஸ்?"