முன்கதவு திறந்த காலை

அச்சுவேலியிலுள்ள பழைய ஆயர் இல்லத்தில் யசிந்தாக்கா இருபத்தாறு வருடமாகக் குசினியில் சமைக்கிறார். கீழே எழுத்துவேலை நடக்கும் கந்தோரும் ஞானஸ்நானப் பதிவேட்டு அறையும். மேலே சிற்றாலயமும் ஆயரின் அறையும். எந்த அலுவலென்றாலும் ஆட்கள் குசினிப் பக்கத்தால்தான் வருவார்கள். கல்யாணக் கடிதத்துக்கு வந்தவர்களை யசிந்தாக்கா கந்தோருக்கு அனுப்புவார். சண்டையோடு வந்தவர்களைக் கோபம் ஆறும்வரை விறாந்தையில் இருத்துவார். வீதியைப் பார்த்த பெரிய முன்கதவு, புது ஆயர் உள்ளே வரவும் இறந்த ஆயர் வெளியே போகவும் மட்டுமே திறக்கும்.

கொழும்பிலிருந்து புதிதாக வந்த செயலாளர் பாதருக்கு இது தெரியாது. காற்று வரட்டுமென்று ஒரு காலை அதை அகலத் திறந்துவிட்டார்.

ஒரு மணித்தியாலத்துக்குள் வாசல் நிறையச் சனம். இருவர் மலர்வளையத்தோடு வந்திருந்தார்கள். படியிலிருந்து ஒருத்தி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள்.

“ஆரைக் கேட்டுத் திறந்தனீங்கள் பாதர்? ஊர் முழுக்கச் செத்தவீட்டுக்கு வந்து நிக்குது!” என்று யசிந்தாக்கா சீறினார்.

குசினியில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆயர் சத்தம் கேட்டு, கழுவாத கையோடு வாசல்வரை வந்தார். அழுகை சட்டென்று நின்றது.

“எல்லாரும் குசினிப் பக்கத்தாலை வாங்கோ, தேத்தண்ணி குடிக்கலாம்” என்றார் சிரித்தபடி.

சிரித்தாரே தவிர, அந்த வாசலைத் தாண்டி அவர் ஓரடியும் வைக்கவில்லை.