கார்த்திகைக் கிழங்கும் அக்காவின் கூந்தலும்

என் அக்காவின் தலைமயிரைக் கொட்டவைத்தவள் நான்.

காய்ச்சலல்ல, கிணற்றுத் தண்ணீரல்ல, ஊரார் சொன்ன கண்ணூறு நாவூறுமல்ல... நான்!

அறியாமல் நடந்துவிட்டது என்று நீங்கள் என்னை மன்னிக்கப் பார்ப்பீர்கள். பொறுங்கள், அவசரப்படாதீர்கள். அந்த மயிர் கொட்டியபோது நான் மகிழ்ந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

யாழ்ப்பாணத்தில் மின்சாரம் என்பதையே நாங்கள் மறந்துபோயிருந்த காலம் அது. போர்த்தடையால் குளிக்கச் சவர்க்காரமே வராத ஊருக்கு இரசாயனப் பொருள் எங்கிருந்து வரும்? நான் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். ஆய்வு முடியாவிட்டால் பட்டமில்லை. பட்டமில்லாவிட்டால் கனடா மாப்பிள்ளை என்று அம்மா தீர்த்துச் சொல்லிவிட்டா. கனடாவுக்குப் போய்க் குளிரில் கோப்பை கழுவ நான் பிறக்கவில்லை என்று நானும் தீர்த்துச் சொன்னேன்!

என் ஆய்வு என்ன தெரியுமா? ஓர் உயிர்க்கலம் இரண்டாகப் பிரியும்போது, அதற்குள் இருக்கிற நிறமூர்த்தங்கள், அதாவது குரோமோசோம்கள், இரண்டு பக்கமும் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்பது. கலத்துக்குள் நுண்குழாய்கள் என்று மெல்லிய இழைகள் உண்டு. அவற்றைப் பாதையாகப் பிடித்துக்கொண்டு நடக்கிற புரதங்கள் உண்டு. மோட்டார்ப் புரதங்கள் என்று பெயர். சுன்னாகம் சந்தைக்கு வெங்காய மூட்டை கட்டி மிதிக்கிற சைக்கிள்காரரைப் போல, அவை கலத்துக்குள் சுமை இழுக்கின்றன. யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய சஞ்சிகைப் பிரதியில் இதைப் படித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை. புரதம் நடக்கிறதாம்! நடக்கிறதாம்!

பாதையை அழித்துவிட்டால் சைக்கிள்காரர் என்ன செய்வார்? நிறமூர்த்தங்கள் நடுவழியில் நிற்க வேண்டும். வெங்காய வேர் நுனியில் அதைக் காட்ட, நுண்குழாய்களைக் கலைக்கிற ஒரு நஞ்சு மருந்து வேண்டும். கொழும்பிலிருந்து அது வராது. ஆனால், அதே நஞ்சு எங்கள் வேலியில் கார்த்திகைப் பூவாய், செங்காந்தளாய்ப் பூத்துக் கிடந்தது. அதன் கிழங்கில் நஞ்சிருப்பது ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

கிழங்கைக் கிண்டி எடுத்தேன். வீட்டு அம்மியில் வைத்து அரைத்தேன். வேறெங்கே அரைப்பது? அம்மியை இரண்டு தரம் கழுவினேன், போதும் என்று நினைத்தேன். அதை உளியால் கொத்திப் பொழிந்து அதிக நாளாகவில்லை, கல்லெல்லாம் குழிகுழியாய் இருந்தது. அதை ஏன் நான் பார்க்கவில்லை? சாறு கையில் கிடைத்த சந்தோஷப் புளுகத்தில் எனக்குக் கண் தெரியவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. அம்மாவுக்கு விரதம். நான் சாறோடு சைக்கிள் ஏறிவிட்டேன். வீட்டில் அக்கா தனக்கென்று சம்பல் அரைத்திருக்கிறா. எங்கள் வீட்டில் அம்மி கழுவிய தண்ணீரை வெளியே ஊற்றுவதில்லை. உறைப்பும் தேங்காய்ப்பாலும் வீணாகக் கூடாதென்று அது நேரே சொதிக்குள் போகும். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

பின்னேரம் நான் வீடு திரும்ப, அக்கா சத்தியெடுத்தா... எடுத்தா... வாந்தி நிற்கவேயில்லை. வயிற்றாலும் போனது. சைக்கிள் கரியரில் வைத்து, பக்கத்து வீட்டு அண்ணை பிடித்துவர, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"என்ன சாப்பிட்டவ?" என்று டாக்குத்தர் கேட்டார்.

"புட்டும் சம்பலும் சொதியும்தான், ஐயா. அம்மி கழுவின தண்ணி விட்டு வைச்ச சொதி," என்றா அம்மா.

அதே அம்மி. நான் கிழங்கரைத்த அம்மி.

டாக்குத்தர் என்னிடம் திரும்பினார். "நீர் கம்பஸ் பிள்ளையல்லோ... வீட்டிலை ஏதும் நஞ்சுச் சாமான் இருக்கோ?"

"இல்லை, டொக்டர்."

அவ்வளவுதான் சொன்னேன். ஏன்? சொன்னால், ஊர் அக்காவைச் சாகவென்று கிழங்கு தின்றவள் என்று கதை கட்டும், அவளுடைய பெயர் கெடும்... இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! சாறு பறிபோகும், ஆய்வு போகும் என்றுதான் பயந்தேன். அக்கா செத்துப்போயிருந்தால்? அப்போதும் இதையே சொல்லியிருப்பேனா?

அக்கா பிழைத்தா. எழும்பி இருந்து கஞ்சி குடித்தா. பிறகுதான் மயிர் கொட்டத் தொடங்கியது. இடுப்புக்குக் கீழே தொங்கிய கூந்தல், சீப்பில் கற்றைகற்றையாய் வந்தது. அக்கா அழவில்லை. "என்னடி இது, தேங்காய்த் தும்பு மாதிரி வருது," என்று சிரிக்கப் பார்த்தா.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தச் சீப்பிலிருந்து ஒரு மயிரை எடுத்துக் கடதாசியில் மடித்துக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனேன். நுணுக்குக்காட்டியின், அதுதான் மைக்றோஸ்கோப்பின், அடிக்கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பினேன், பார்த்தேன். குமிழாய் இருக்க வேண்டிய அடி ஊசியாய்ச் சிறுத்துக் கிடந்தது. வேரில் கலப்பிரிவு நின்றுவிட்டது! பாதை இல்லை, நடப்பதற்கு வழியில்லை! வெங்காய வேரில் நான் தேடியது அக்காவின் தலையில் நடந்திருக்கிறது!

நான் துள்ளினேன். ஐயோ, ஆய்வுகூடத்தில் தனியே நின்று கைதட்டினேன்...

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. திரும்பி வளருமா? நின்றுபோனவை மறுபடி நடக்குமா? யாரிடம் கேட்பது? வெங்காய வேரிடம் கேட்டேன். நஞ்சில் கிடந்த வேர்களை எடுத்து, நல்ல தண்ணீரில் விட்டேன். பொறுத்து, நுனியை வெட்டிச் சாயமேற்றி நசுக்கிப் பார்த்தேன். முதலில் நிறமூர்த்தங்கள் நடுவில் குவிந்து, போக்கிடமில்லாமல் நின்றன. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் ஒரு கலத்தில்... ஒரேயொரு கலத்தில்... அவை இரண்டாய்ப் பிரிந்து இரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன!

பாதை திரும்பி வந்துவிட்டது! வென்றேன்! அக்காவின் மயிர் முளைக்கும், என் பட்டமும் கிடைக்கும்! இரண்டு மகிழ்ச்சியில் எது முந்தியது என்று கேட்காதீர்கள்.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். நெடுநேரம் நிமிரவில்லை.

"பிள்ளை, நிப்பாட்டிறதை எல்லாரும் காட்டுவினம். கழுவிப் பாக்கவேணும், திரும்பி வருமோ எண்டு பாக்கவேணும் எண்டு உமக்கு எப்பிடி யோசனை வந்தது?"

"சும்மா வந்தது, சேர்."

"சும்மா வாற யோசனையில்லை இது! கெட்டிக்காரி!"

முதல் வகுப்பில் சித்தியடைந்தேன். மாப்பிள்ளை கனடாவிலேயே இருக்கட்டும் என்றேன்! அந்த ஒரு கலம் எனக்குப் பல கதவுகளைத் திறந்தது. இன்று மாணவர்களுக்கு இதே பாடத்தைச் சொல்லும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. பொய் சொல்லி என்ன... அந்த வெற்றியை நான் இன்னும் நேசிக்கிறேன்.

பெறுபேறு வந்த அன்றுதான் அம்மா சொன்னா. அக்கா எனக்காக முருகனிடம் நேர்த்தி வைத்திருந்தாவாம், நான் பரீட்சையில் தேற வேண்டுமென்று. மொட்டைத் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, எழும்பி நடக்கவே சீவனில்லாத உடம்போடு, கோயில் வீதி சுற்றி அடியழித்திருக்கிறா. ஒவ்வோர் அடிக்கும் மண்ணில் விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்து...

நான் சைக்கிளில் கம்பசுக்குப் போன ஒரு காலையில் அது நடந்திருக்கிறது.

அக்காவுக்கு மயிர் முளைத்தது. முன்னையைவிட அடர்த்தி, கொஞ்சம் சுருள். வாறவை போறவைக்கெல்லாம் என்னைக் காட்டி, "என்ரை நேர்த்தியாலை படிச்சவள்" என்பா. நான் சிரித்துக்கொண்டு நிற்பேன்.

போன மாதம் வீட்டுக்குப் போனபோது, எண்ணெய்ப் போத்தலோடு எனக்கு முன்னால் வந்து இருந்தா. "பின்னி விடடி."

பின்னத் தொடங்கினேன்.

"நீ இப்ப பெரிய ஆளல்லோ... அப்ப மயிரெல்லாம் கொட்ட எனக்கு வந்தது என்ன வருத்தமெண்டு உனக்குத் தெரியுமே?"

என் விரலிடையில் அந்த மயிர் கனத்தது. சொல்லு, சொல்லு என்றது நெஞ்சு.

"தெரியாதக்கா," என்றேன். "அசையாமல் இரு, பின்னல் குலையுது."

அக்கா அசையாமல் இருந்தா.